கடலும் மலையும் குறைந்த செலவில்: மூத்த உறவினருடன் திருச்செந்தூரிலிருந்து தென்மலை வரை

முதுகுப்பை ஒன்றைச் சுமந்துகொண்டு குறைந்த செலவில் ஊர் சுற்றுவது குறித்துக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தனியே கிளம்பும் இளைஞரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அறுபதைக் கடந்த பெரியம்மாவையோ மாமாவையோ அத்தையையோ உடன் அழைத்துச் செல்லும்போது அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து 40 ரூபாயை மிச்சப்படுத்தினால், அன்று மாலையே களைப்பு மிகுந்து, பேருந்துக்குக் காத்திருக்க முடியாமல் வாடகைக் காருக்கு 1,200 ரூபாய் கொடுக்க நேர்கிறது. மூத்தவர்களுடன் போகும் பயணத்தில் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் சோர்வுதான். ஓய்வை முதலில் திட்டமிட்டுவிட்டால் செலவு தானாகவே கட்டுக்குள் நிற்கும். இதை மனத்தில் கொண்டுதான், என் பெரியம்மாவுடன் சென்று வந்த தென்கோடித் தடத்தை இங்கே விளக்குகிறேன்.

திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, குற்றாலம், கேரளத்தின் தென்மலை என்பதே அந்தத் தடம். மன்னார் வளைகுடாவின் மணற்கரையில் தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் முடிகிறது. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நகரப் பேருந்துத் தொலைவுதான். கடலுக்கும் மலைக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரம் இருப்பதால் சாதாரண அரசுப் பேருந்தும் முன்பதிவில்லாத ரயிலுமே போதுமானவை. ஊட்டியையோ கொடைக்கானலையோ கடற்கரையுடன் சேர்த்துத் திட்டமிட்டால் ஒரு முழுப் பகல் பேருந்திலேயே கழிந்துவிடும்; மூத்தவர்களுக்கு அது தண்டனை.

எப்போது போவது

ஆகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை உள்ள வார நாட்களையே நான் பரிந்துரைப்பேன். தென்மேற்குப் பருவமழையால் குற்றாலத்தில் தண்ணீரும் சாரலும் இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் குமரி மாவட்டத்தில் பெய்யும் மழையும் சற்றுத் தணிந்திருக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கன்னியாகுமரியிலும் பாபநாசத்திலும் முன்னோர் கடன் செய்ய வரும் கூட்டமும், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக வரும் கூட்டமும் சேர்ந்து, அந்த வாரத்தில் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. திருச்செந்தூர் ஆவணித் திருவிழா நாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்வது நல்லது.

நவம்பர், டிசம்பர் மாதங்கள் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் அப்படிக் கொட்டாது என்றாலும், வேளைக்கு மருந்து தேவைப்படுகிற ஒருவரை அழைத்துச் செல்லும்போது அந்த அபாயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

கடலை முதலில் பார்த்துவிட்டு மலைக்குப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அருவியில் குளித்த ஈரத் துணி சாரல் காற்றில் காய்வதே இல்லை. பயணத்தின் முடிவில் குற்றாலம் வந்தால் அந்த ஈரமூட்டையோடு நேராக வீட்டுக்குப் போய்விடலாம். தொடக்கத்தில் வந்தால் அதைக் கன்னியாகுமரி வரை சுமக்க வேண்டியிருக்கும். மேலும், கடற்கரை வெயிலில் களைத்த உடம்பு மலைக்காற்றில் தேறிவிடும்.

பணமும் பொதுப்பையும்

உறவினருடன் போகும் பயணத்தில் பணப் பேச்சைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பெரியவர் இருக்கும்போது இளையவர் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். இளையவர் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வது பெரியவருக்குக் கூச்சமாக இருக்கும். கடைசியில் உணவக மேசையில் இருவரும் பணத்தை நீட்டி மல்லுக்கட்டுவதும், ஊருக்குத் திரும்பிய பிறகு யார் எவ்வளவு போட்டார்கள் என்று உறவினர்கள் பேசிக்கொள்வதும்தான் மிஞ்சும். இருவரும் ஒரே அளவு தொகையை முதல் நாளே ஒரு சிறு பையில் போட்டுவிட்டு, அதைப் பெரியவரிடமே கொடுத்து வைப்பது எங்களுக்கு மிக நன்றாகப் பொருந்தியது. பணம் கொடுப்பது அவர் கை. நோட்டில் எழுதுவது என் கை. கோயில் காணிக்கை, ஊருக்கு வாங்கும் பண்டம், பேத்திக்கு வாங்கும் சங்குமாலை ஆகியவை அவரவர் சொந்தப் பணத்தில் என்று முன்பே பேசிக்கொண்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

8 பகல், 7 இரவு என்று வைத்துக்கொண்டால், அறைக்கு நாளொன்றுக்கு 700 முதல் 1,000 ரூபாய், இருவர் உணவுக்கு 500 முதல் 600, உள்ளூர்ப் பயணத்துக்கு 150 முதல் 200, நுழைவுக் கட்டணம் முதலியவற்றுக்கு 100 என்று ஒதுக்கலாம். சென்னையிலிருந்து போய்வர இரண்டாம் வகுப்புப் படுக்கைக் கட்டணம் ஒருவருக்கு ஒரு வழிக்கு 500 ரூபாய்க்குள் அடங்கும். ஆக இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 13,000 முதல் 16,000 ரூபாய். இதற்கு வெளியே 3,000 ரூபாயை ஆட்டோப் பணம் என்று தனி உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அது சிக்கனத்துக்கு உட்பட்ட பணம் அல்ல. பெரியவரின் கால் தளரும் நேரத்தில் கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒதுக்கியது.

மூத்த குடிமக்களுக்கு ரயில்வே தந்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கையில் முன்னுரிமை உண்டு. முன்பதிவில் வயதைச் சரியாகக் குறிப்பிட்டால் போதும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தென்மாவட்ட ரயில்களில் கீழ்ப்படுக்கை விரைவாகத் தீர்ந்துவிடும் என்பதால் அந்த முதல் நாளைத் தவறவிடாதீர்கள். பேருந்தில், 2021 மே மாதம் தொடங்கிய திட்டத்தின்படி சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர்ப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளலாம். கைப்பேசிப் பணம் பெரும்பாலான கடைகளில் செல்லும் என்றாலும், பேருந்துக்குப் பத்தும் இருபதுமாகச் சில்லறை வைத்திருப்பது நடத்துநருக்கும் நமக்கும் நிம்மதி.

பையில் என்ன இருக்க வேண்டும்

பெரியவரின் தோளில் 3 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இளையவர் 8 கிலோ வரை சுமக்கலாம். இந்த வரம்புக்குள் அடங்க வேண்டுமானால் துணியைத்தான் குறைக்க வேண்டும்: உடுத்தியிருப்பது போக மூன்று மாற்று, அருவிக் குளியலுக்குப் பழைய பருத்தி உடை ஒன்று, தடித்த டவலுக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு இரண்டு, துணி கட்ட நைலான் கயிறு, ஈரத்துணிக்குத் தனிப்பை. குளிர் அதிகமில்லை என்றாலும் மலையடிவாரத்து இரவுக் காற்றுக்குக் காதை மூட ஒரு துணி பெரியவர்களுக்கு அவசியம். பாறையில் வழுக்காத, நனைந்தாலும் கெடாத செருப்பு முக்கியம். புதுச் செருப்பை இந்தப் பயணத்தில் பழக்க வேண்டாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளிலும் வைக்க வேண்டும். ஒரு பை தொலைந்தாலும் மருந்து தொலையாது. மருத்துவர் எழுதிய சீட்டின் படம் கைப்பேசியில் இருக்கட்டும். வேளை தவறி உணவு கிடைத்தால் சர்க்கரை நோயாளிக்கு நடுக்கம் வரும் என்பதால் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் இரண்டு. உணவகங்களில் வெந்நீர் கேட்டால் மறுக்காமல் நிரப்பித் தருகிறார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக்கைப் பறித்துக்கொள்வார்கள் என்பதால் அந்தப் பழக்கம் மலையில் கூடுதலாக உதவும். இருவரின் ஆதார் அட்டையும் விடுதியில் கேட்பார்கள்.

திருச்செந்தூரும் மணப்பாடும்

சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் இரவுப் பயணமாக வந்தால் ஓர் இரவு அறைவாடகை மிச்சம். மற்ற ஊர்க்காரர்கள் திருநெல்வேலி வந்து அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ வரலாம். முதல் நாள் பிற்பகல் முழுவதையும் தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள். கோயில் நிர்வாகத்தின் தங்கும் விடுதியை முன்பே பதிவு செய்ய முயல்வது நல்லது. கிடைக்காவிட்டால் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு விடுதிகளில் வார நாட்களில் அறை கிடைக்கும். மாடி ஏற வேண்டியிராத அறையாகவும், மேற்கத்திய வகைக் கழிப்பறை உள்ளதாகவும் கேட்டு வாங்குங்கள். இதற்காக 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. இது 2021 முதல் இருந்துவரும் ஏற்பாடு. செலவைக் குறைக்கும் தந்திரமாக அதைப் பார்க்காமல், ஒரு வேளை வரிசையில் அமர்ந்து உண்டு, முடிந்ததை உண்டியலில் போட்டு வருவதே முறை என்று நான் கருதுகிறேன். கடலில் நீராடிவிட்டு நாழிக்கிணற்றில் குளிப்பது வழக்கம்; அலையடிக்கும் கரைக்கு அருகிலேயே நல்ல நீர் ஊறும் அந்தக் கிணற்றுக்குப் படியிறங்கிப் போக வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடித்து மெல்ல இறங்க வேண்டும்.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைத் தேவாலயம் நிற்கிறது. குன்றின் அடியில், 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அதில் ஒரு நல்ல நீர்க் கிணறும் உள்ளன. தமிழகக் கடற்கரையில் அமைதியாக ஒரு காலைப் பொழுதைக் கழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காலை 7 மணிக்குள் போய்விட்டால் மணல் சுடாது. மீன் கரையேறுவதையும் பார்க்கலாம். செப்டம்பர் மாதத்தில் திருச்சிலுவைத் திருவிழாக் கூட்டம் இருக்கும். வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்குவதானால் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிப் பயணம் முழுவதும் அதைச் சுமக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கன்னியாகுமரி

திருச்செந்தூரிலிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கடலோரச் சாலையிலேயே பேருந்து வருகிறது. தேரிக்காட்டின் செம்மண்ணும் பனங்கூட்டமும் காற்றாலைகளும் மாறி மாறி வரும் இந்தப் பாதையே ஒரு காட்சி. வெயில் ஏறுமுன் புறப்பட்டு, எந்தப் பக்கம் நிழல் விழும் என்று பார்த்து அமர வேண்டும்.

கடலை ஒட்டிய விடுதிகளைவிட, சற்றுத் தள்ளி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரம் நடத்தும் தங்குமிடம் மூத்தவர்களுக்கு ஏற்றது. மரநிழல், சைவ உணவகம், வளாகத்திலிருந்தே சூரிய உதயம் பார்க்கும் கடற்கரை என்று எல்லாம் உள்ளுக்குள் அமைந்திருப்பதால் வெளியே அலைய வேண்டியதில்லை. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்குக் காலையில் முதல் ஆளாக நின்றால் சாதாரணச் சீட்டே போதும்; பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிட்டால், பன்மடங்கு விலையுள்ள சிறப்புச் சீட்டை ஆட்டோப் பணத்திலிருந்து எடுப்பதில் தவறில்லை. விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. முன்பு கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது. இப்போது பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம். சிலையின் மேல்தளம் வரை படியேறுவதைப் பெரியவர் விரும்பினால் ஒழிய வற்புறுத்த வேண்டாம்.

குளிப்பதற்கு முன் கடலைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறுகின்றன. மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம், நாகர்கோவிலுக்கு அருகில் உள்ள கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் எச்சரிக்கை செய்திகளில் வரும். அந்த நாளில் கால் நனைப்பதும் வேண்டாம்.

நாள் ஒன்று மிச்சமிருந்தால் நாகர்கோவில் வழியாகத் தக்கலைக்குப் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கலாம். கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அந்த மரமாளிகை திங்கட்கிழமை மூடியிருக்கும். உள்ளே செங்குத்தான குறுகிய படிகள் உண்டு. திரும்பும் வழியில் குமரியின் மட்டிப் பழத்தை மறக்காமல் வாங்குங்கள்.

மலையை நோக்கி

கன்னியாகுமரியிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ திருநெல்வேலி வந்து, மதிய உணவு உண்டு, பிற்பகல் செங்கோட்டைப் பயணிகள் ரயிலில் ஏற வேண்டும். கட்டணம் பேருந்தைவிட மிகக் குறைவு, முன்பதிவு தேவையில்லை, கழிப்பறை இருக்கிறது, எழுந்து நிற்கலாம், காலை நீட்டலாம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணியைக் கடந்து அம்பாசமுத்திரம் வரும்போது, இடப்பக்கச் சன்னலில் பொதிகை மலை வயல்களுக்குப் பின்னால் எழுந்து நிற்கும். என் பெரியம்மா அதைப் பார்த்துக் கைகூப்பினார். இந்த முழுப் பயணத்திலும் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இந்த ரயில் பாதையைத்தான் சொல்வேன்.

தென்காசியில் தங்குங்கள், குற்றாலத்தில் வேண்டாம். சீசனில் குற்றாலத்து அறைவாடகை வார இறுதியில் ஒன்றுக்கு இரண்டாக ஏறுகிறது. தென்காசியில் அவ்வளவு ஏறுவதில்லை, அடிக்கடி நகரப் பேருந்தும் இருக்கிறது. மலைப்பக்கம் தங்கும் மூன்று இரவையும் ஒரே அறையில் கழித்தால் பையைப் பிரித்துக் கட்டும் வேலையும் இல்லை.

குற்றாலத்துப் பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. ஆணும் பெண்ணுமாகப் போகும் இணைக்கு இது ஒரு சிக்கல்: யார் எப்போது வெளியே வருவார்கள் என்று தெரியாது, கைப்பேசியும் கையில் இருக்காது. ஆகவே ஒருவர் பையோடு ஒரு குறிப்பிட்ட கடை வாசலில் அமர்ந்திருக்க, மற்றவர் போய்வர வேண்டும். பெரியம்மா தனியே உள்ளே போகத் தயங்கியபோது, அருகில் இருந்த ஒரு குடும்பத்துப் பெண்களிடம் சொல்லி அனுப்பினேன். அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார்கள். விழும் நீரின் நேரடி வேகம் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் கெடுதல் என்பதால் ஓரத்தில் சிதறும் நீரே மூத்தவர்களுக்குப் போதும். காலை 6 மணிக்குக் கூட்டம் குறைவு.

அருவியடியில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நீரின் நிறம் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினாலோ, யாரும் சொல்லும் வரை காத்திராமல் வெளியேறிவிட வேண்டும். காவலர் தடை போட்டிருந்தால் திரும்பி வந்து, செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடலாம்.

குற்றாலத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் செல்லுங்கள். அகஸ்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் நீர் விழுகிறது. வனத்துறைச் சாவடியைத் தாண்டிப் போக வேண்டும். அது முடியாதவர்களுக்குப் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் தாமிரபரணிக் குளியலே நிறைவைத் தரும்.

தென்மலைக்கு ஒரு நாள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம் செல்லும் பேருந்தில் ஏறினால், கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் இடையே சாலையோரத்திலேயே பதின்மூன்று கண் ரயில் பாலம் தெரியும். 1904இல் திறக்கப்பட்ட இந்த மலை ரயில் பாதை முதலில் மீட்டர் கேஜாக இருந்தது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. காலையில் பேருந்தில் போய்ப் பாலத்தையும் தென்மலையையும் பார்த்துவிட்டு, புனலூர் சென்று, பிற்பகலில் குருவாயூரிலிருந்து மதுரை நோக்கி வரும் ரயிலில் செங்கோட்டைக்குத் திரும்புவது சிறந்த ஏற்பாடு. சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தைக் குகைகளும் காடுமாக ரயில் மெல்லக் கடக்கிறது. ரயில் நேரத்தை முந்தைய நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உடன் வருபவரின் உடலைக் கவனிப்பது

"முடியுதா பெரியம்மா?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லடா, நீ முன்னால போ" என்றுதான் பதில் வரும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் எலும்பில் ஊறியது. அதனால் கேட்காமலே நிற்க வேண்டும். "எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாம்" என்று சொன்னால் அவரும் நிம்மதியாக அமர்வார். பேச்சுக் குறைவது, தண்ணீர் வேண்டாம் என்பது, கைப்பிடிச் சுவரைத் தேடுவது ஆகியவை களைப்பின் அடையாளங்கள். பேருந்தில் போக வேண்டியிருக்கிறதே என்று மூத்த பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் கழிப்பறை எங்கே என்று முதலில் விசாரித்துச் சொல்லிவிட்டால் அவர் தயங்காமல் குடிப்பார்.

பகல் 12 மணி முதல் 4 மணி வரை அறையில் இருப்பதை விதியாக்குங்கள். ஒரு நாளைக்குக் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். அதற்கு மேல் வேண்டாம். உடல்நிலை சரியில்லை என்றால் திருச்செந்தூர் அரசு மருத்துவமனை, நாகர்கோவிலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை ஆகியவை தடத்திலேயே இருக்கின்றன. 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

திரும்புவதற்குச் செங்கோட்டையிலிருந்து மாலையில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதியானது. தென்காசியிலும் நிற்கும் என்றாலும், செங்கோட்டையிலேயே ஏறினால் பையை ஒழுங்காக வைத்து, கீழ்ப்படுக்கையை விரித்து, பெரியவரை அமர்த்த நேரம் கிடைக்கும். கடைசி நாளில் அறையைக் காலையிலேயே ஒப்படைக்கச் சொல்வார்கள். அரை நாள் வாடகை கொடுத்துப் பிற்பகல் வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று முதல் நாளே விடுதியில் பேசிவிடுங்கள். இரவு உணவை ஐந்து மணிக்குள் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, பொதுப்பையில் மிஞ்சிய பணத்தை ரயிலிலேயே எண்ணிச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.